மாட்சு: கடலோரப் பெண் விண்ணரசியான விதம்

சீனக் கோயில் ஒன்றுக்குள் முதல்முறை நுழைகிறவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "இது புத்தர் கோயில்தானே?" இருக்கலாம். ஆனால் ஃபூஜியன், குவாங்டொங், தைவான், சிங்கப்பூர், பினாங்கு என்று தென்சீனர் வாழும் ஊர்களில், நடுச்சன்னதியில் உட்கார்ந்திருப்பவர் ஒரு காலத்தில் ஊரும் பேரும் தாய் தகப்பனும் இருந்த மனிதராக இருக்க வாய்ப்பு நிறைய உண்டு. சிவந்த முகமும் நீண்ட தாடியுமாக நிற்கும் குவான் யூ, மூன்றாம் நூற்றாண்டுப் போர்களில் தலையிழந்த தளபதி. பாவோஷெங் தாதி என்று கும்பிடப்படுபவர், 979 முதல் 1036 வரை வாழ்ந்த வூ தாவ் என்ற வைத்தியர். மாட்சு, ஒரு தீவில் பிறந்து முப்பது வயதுக்குள் இறந்துபோன பெண்.

இந்த மூவரில் மாட்சுவை எடுத்துக்கொண்டால், சீன நாட்டார் சமயத்தில் தெய்வம் என்றால் என்ன என்பது மற்றவர்களைவிடத் தெளிவாகப் புரியும் என்பது என் எண்ணம். ஒரு தெய்வம் எப்படி உருவாகிறது, எப்படி வளர்கிறது, யார் வளர்க்கிறார்கள் என்பதெல்லாம் அவள் விஷயத்தில் கல்வெட்டும் அரசாணையுமாகப் பதிவாகியிருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படைக் கணக்கு. ஆய்வாளர்கள் 'சீன நாட்டார் சமயம்' என்று சொல்வதற்கு நிறுவியவர் கிடையாது, ஒரே மறைநூல் கிடையாது, தலைமை மடம் கிடையாது. கும்பிடுகிறவர்களைக் கேட்டால் அதற்கு ஒரு தனிப் பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள். பௌத்தம், தாவோ, கன்பூசியஸ் வழி மூன்றிலிருந்தும் வேண்டியது வந்து கலந்திருக்கும். ஆனால் அடியில் ஓடும் நம்பிக்கை எளிது: மனிதர் செத்த பிறகும் இருக்கிறார், அவரைக் கவனிக்க ஆள் வேண்டும். சொந்தச் சந்ததி கவனித்தால் அவர் முன்னோர். கவனிக்க நாதியில்லாமல் போனால் பேய். சம்பந்தமே இல்லாத ஊரார் தேடி வந்து கும்பிட்டு, கேட்டதும் நடந்தால் தெய்வம். மூன்றுக்கும் நடுவே சுவர் இல்லை. பேயாகப் பயந்து கும்பிடப்பட்டவர் நாளடைவில் தெய்வமானதும் உண்டு. ஊதுபத்தி ஏற்ற ஆளில்லாமல் மறக்கப்பட்ட தெய்வங்களும் ஏராளம்.

இந்தக் கணக்கில் மாட்சுவின் இடம் ஆரம்பத்திலேயே சிக்கல். கல்யாணமாகாமல் இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டு முன்னோர் வரிசையில் இடம் கிடையாது. புகுந்த வீடு இருந்தால் அங்கே கிடைத்திருக்கும், அதுவும் இல்லை. வழக்கப்படி பார்த்தால் அலையும் ஆவியாகப் போயிருக்க வேண்டியவள் அவள்.

நடுவில் கைவிட்ட உயிர்

மரபுக் கதை இது. தென்கிழக்குச் சீனாவில் ஃபூஜியன் மாகாணத்துப் புத்தியன் கடற்கரைக்கு எதிரே மெய்ஜோ என்று ஒரு சிறு தீவு. அங்கே லின் குடும்பத்தில் 960ஆம் ஆண்டு, சீன நாட்காட்டியின் மூன்றாம் மாதம் 23ஆம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்து ஒரு மாதமாகியும் அழவே இல்லை என்பதால், பேசாதவள் என்ற பொருளில் 'மோ' என்று பெயர் வைத்தார்களாம். வளர்ந்தபின் புயல் வருவதை முன்கூட்டிச் சொல்வாள், நோய் தீர்ப்பாள், கடலுக்குப் போனவர்கள் திசை தெரிந்து கரைசேரச் சிவப்பு உடை உடுத்தி மேட்டில் நிற்பாள்.

எல்லோரும் சொல்லும் கதை தறிக் கதைதான். அப்பாவும் அண்ணன்மாரும் கடலில் இருக்க, அவள் வீட்டில் தறியில் நெய்துகொண்டிருந்தாள். புயல். அப்படியே தறிமேல் சாய்ந்து நினைவிழந்துவிட்டாள். அவள் உயிர் கடலுக்குப் போய், மூழ்கிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மகள் செத்துவிட்டாள் என்று பதறிய அம்மா அவளைப் பிடித்து உலுக்க, பிடி நழுவியது. ஒருவரைக் கைவிட்டபடி கண்விழித்தாள். கைவிட்டது அப்பாவை என்று சில ஊரில் சொல்வார்கள், மூத்த அண்ணனை என்று சில ஊரில். எப்படிச் சொன்னாலும் அந்த ஒருவர் திரும்பி வருவதில்லை. எல்லோரையும் காப்பாற்றிவிட்டதாகக் கதையை முடிக்காமல் விட்டார்களே, எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அதுதான். ஆண்டுக்கு ஆண்டு ஆட்களைக் கடலுக்குப் பறிகொடுத்த ஊர்கள் எல்லோரும் கரைசேர்ந்த கதையை நம்பியிருக்காது.

987ஆம் ஆண்டு, ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், அவள் தீவின் மலையுச்சிக்கு ஏறி அப்படியே வானுக்குப் போய்விட்டாள் என்பது மரபு. கடலில் இறந்தாள் என்று சொல்பவர்களும் உண்டு. தைவானின் ஆட்சியில் இருக்கும் மாட்சு தீவுகளில், அவள் உடல் தங்கள் கரையில்தான் ஒதுங்கியது என்பார்கள். அந்தத் தீவுகளின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

இனி ஆவணம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அவளைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து 1150ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதாவது மரபு சொல்லும் மரணத்துக்கு 160 ஆண்டுகள் கழித்து. புத்தியன் பக்கம் ஒரு கோயிலைப் புதுப்பித்தபோது எழுதப்பட்டது. அதில் தறியும் இல்லை, சிவப்பு உடையும் இல்லை. லின் குலத்துப் பெண், மெய்ஜோ தீவுக்காரி, அருள்வந்து குறி சொல்பவள், மனிதருடைய நல்லது கெட்டதை முன்கூட்டி அறிந்தவள், இறந்தபின் தீவில் கோயில் கட்டினார்கள், அவ்வளவுதான். பிறந்த நாள், அப்பாவின் உத்தியோகம், புத்த பிக்குணி போன்ற ஒழுக்கம் எல்லாம் பிந்திய நூற்றாண்டுகளில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. சாமியாடிப் பெண் மெல்ல மெல்ல அதிகாரி வீட்டுப் பெண் ஆகிறாள். காலம் தள்ளத் தள்ள வாழ்க்கை வரலாறு தெளிவாகிக்கொண்டே போனால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும் என்பது வரலாற்றுக்காரர் வழக்கம். பக்தருக்கு இதில் சங்கடம் எதுவும் இல்லை. அவளைக் கும்பிடுவது அவள் வாழ்க்கைக்காக அல்ல. இறந்த பிறகு செய்தவற்றுக்காக.

அரசவை தந்த பதவி உயர்வு

சீனர்கள் தெய்வலோகத்தை அரசாங்கம் போலவே நினைத்துப் பார்த்தார்கள். மேலே பச்சைமணி வேந்தர், கீழே நகரத்துக்கு ஒரு நகரக் காவல் தெய்வம், தெருமுனைக்கு ஒரு நிலச்சாமி. பொறுப்பு உண்டு, எல்லை உண்டு, மாற்றல்கூட உண்டு. மழை பெய்யவில்லை என்றால் ஊர் அதிகாரி நகரத் தெய்வத்தின் சிலையை வெளியே தூக்கி வெயிலில் காயப்போட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. கடமை தவறினால் தண்டனை. ஒழுங்காகச் செய்தால் பட்டம். பட்டம் கொடுப்பது பூமியில் இருக்கும் பேரரசர்.

மாட்சுவுக்கு முதல் அங்கீகாரம் 1123இல். கொரியாவுக்குப் போன சோங் அரசவையின் தூதுக்குழு புயலில் சிக்கியது. எட்டுக் கப்பல்களில் ஏழு போயின. தூதர் லூ யுன்தி இருந்த கப்பல் மட்டும் தப்பியது. பாய்மரத்தில் ஒரு பெண் தெய்வம் வந்து இறங்கியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவள் யார் என்பதைக் கப்பலில் இருந்த புத்தியன்காரர் அடையாளம் காட்ட, பேரரசர் அவள் கோயிலுக்குப் பெயர்ப்பலகை வழங்கினார். மேலே சொன்ன 1150ஆம் ஆண்டு எழுத்து தரும் செய்தி இது. சுவாரசியம் என்னவென்றால், அதே பயணத்தில் போன வேறோர் அதிகாரி எழுதிவைத்த குறிப்பு, ஃபூஜோ பக்கத்து இன்னொரு தெய்வத்தின் அற்புதத்தைத்தான் சொல்கிறது. காப்பாற்றிய பெருமைக்குப் போட்டி இருந்திருக்கிறது. நல்ல படிப்பும் அரசவையில் செல்வாக்கும் கொண்ட புத்தியன்காரர்கள் தங்கள் ஊர்த் தெய்வத்துக்காகப் பேசி வென்றார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அதன்பின் ஏறுமுகம். 12ஆம் நூற்றாண்டில் 'சீமாட்டி', அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 'அரசமாதேவி'. மங்கோலியரான குப்லாய் கான் காலத்தில் 'தியன்ஃபெய்', அதாவது விண்ணகத் தேவி. மங்கோலியருக்குக் கடலோடு என்ன உறவு என்று கேட்கலாம். தலைநகர் இன்றைய பெய்ஜிங்கில், நெல் விளைவது தெற்கே. தானியக் கப்பல்கள் கடல்வழியாக வடக்கே போயாக வேண்டும். 1326இல் தியன்ஜினில் அவளுக்குக் கோயில் எழுந்தது அந்தக் கப்பல்களுக்காகத்தான். பின்பு சிங் பேரரசர் காங்ஷியின் கடற்படை 1683இல் தைவானைப் பிடித்தபோது, வெற்றிக்கு மாட்சுவின் துணையே காரணம் என்று தளபதி ஷி லாங் அறிக்கை அனுப்பினார். சிங் காலத்தில் அவள் 'தியன்ஹோ' ஆனாள்: விண்ணரசி. ஹாங்காங்கில் தின் ஹாவ் என்ற ரயில் நிலையத்தின் பெயர் இந்தப் பட்டம்தான், கன்டோனிய உச்சரிப்பில்.

குப்லாய் காலத்துப் பட்டம் அவளை 'சுவான்ஜோவின் தெய்வப்பெண்' என்று குறிப்பிட்டது. சுவான்ஜோ அன்று உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. தமிழ் வணிகர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்குச் சான்று கல்லிலேயே இருக்கிறது: 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, சம்பந்தப் பெருமாள் என்பவர் அந்த ஊரில் சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்கிறது. சோழநாட்டுப் பாணியில் செதுக்கிய கற்கள் இன்றும் அந்த ஊரில் கிடக்கின்றன. ஒரே துறைமுகத்தில், ஒரே காலத்தில், நம்மவர் சிவனுக்குக் கோயில் கட்டிக்கொண்டிருக்க, உள்ளூரார் மாட்சுவுக்குப் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு தொடர்பு செங் ஹே வழியாக. யோங்லே பேரரசரின் கடற்படைத் தலைவர், பிறப்பால் முஸ்லிம். இலங்கையில் காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு அவருடைய பயணத்தைச் சேர்ந்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கை சொல்கிறது. போன இடத்துச் சாமிக்கு மரியாதை செய்த அதே மனிதர், சொந்தக் கப்பல் பத்திரமாகத் திரும்பியதற்கு நன்றி சொன்னது தியன்ஃபெய்க்கு. 1431இல் கடைசிப் பயணத்துக்குக் காற்றை எதிர்பார்த்து ஃபூஜியனின் சாங்லேயில் காத்திருந்தபோது அவர் நட்ட கல்வெட்டு, நடுக்கடலில் ஆபத்து வரும்போதெல்லாம் பாய்மர உச்சியில் ஒரு தெய்வ விளக்கு தோன்றியதாகவும், அது தோன்றியதும் பயம் தெளிந்ததாகவும் பேசுகிறது. இடிமேகத்தின் கீழ் பாய்மர நுனியில் மின்னேற்றத்தால் ஒளி தோன்றுவதுண்டு. மாலுமிகள் பல நாடுகளிலும் கண்டது அது.

பட்டத்தால் ஒரு தொல்லையும் வந்தது. உண்மையான ஆபத்தில் அவளை 'விண்ணரசி' என்று கூப்பிடக் கூடாது என்பது மாலுமிகளின் நம்பிக்கை. அப்படிக் கூப்பிட்டால் அரசியாக முழு அலங்காரம் செய்துகொண்டு பரிவாரத்தோடுதான் புறப்பட முடியும், நேரமாகிவிடும். 'மாட்சு' என்று வீட்டுப் பாட்டியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டால், தலைவாராமல்கூட ஓடி வந்துவிடுவாளாம். அரசவை எழுதிக் கொடுத்த பட்டத்தை மக்கள் எவ்வளவு தூரத்தில் வைத்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

சாம்பல் வழியே பரவும் தெய்வம்

அரசாங்கம் தந்தது பதவி. அவளைக் கடல்கடந்து கொண்டுபோனது மக்களின் கை. ஒவ்வொரு பாய்மரக் கப்பலிலும் சிறு மாட்சு சிலை இருக்கும். ஜப்பானின் நாகசாகிக்கு வந்த சீனக் கப்பல்காரர்கள், கப்பல் நங்கூரமிட்டதும் சிலையை ஊர்வலமாக எடுத்துப்போய் அங்குள்ள சீனக் கோயிலில் வைப்பார்கள். புறப்படும்போது திரும்ப எடுத்து வருவார்கள்.

புது ஊரில் குடியேறினால் புதுக் கோயில் வேண்டும். நம் ஊரில் குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய் வேறிடத்தில் சாமியை நிறுத்துவதைப்போல, அவர்கள் தாய்க்கோயிலின் தூபக்கலத்திலிருந்து சாம்பல் எடுத்துப் போவார்கள். அந்தச் சாம்பலைப் புதுக் கலத்தில் இட்டால் தெய்வத்தின் சக்தி அங்கேயும் வந்துவிடும், மூலத்தில் குறையவும் குறையாது. சீனக் கோயிலில் சிலையைவிடத் தூபக்கலத்துக்கு மதிப்பு என்பதும் இதனால்தான். சிலை சிதைந்தால் வேறு செய்துகொள்ளலாம்.

ஆனால் சாம்பல் ஒருமுறை எடுத்தால் போதாது. ஆண்டுதோறும், அல்லது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, கிளைக்கோயிலின் சிலை தாய்க்கோயிலுக்குப் போய்ப் புதிதாக நெருப்பும் சாம்பலும் பெற்றுத் திரும்ப வேண்டும். இதிலிருந்து ஒரு வம்சாவளி வருகிறது. வம்சாவளி வந்தால் சண்டையும் வருகிறது. தைவானில் பெய்காங், சின்காங் என்று பக்கத்து பக்கத்து ஊர்கள். இரண்டிலும் பெரிய மாட்சு கோயில்கள். பழைய பென்காங் ஊரின் கோயில் வெள்ளத்தில் போனது. அதன் உண்மையான வாரிசு தாங்களே என்று இரண்டும் சொல்கின்றன.

இந்தப் போட்டி அரசியலையும் தொட்டது. 1987இல் மாட்சு விண்ணேகி ஆயிரம் ஆண்டு. சீனாவுக்குத் தைவான் மக்கள் நேராகப் போகத் தடை இருந்த காலம். டாஜியா ஊரின் ஜென்லான் கோயில்காரர்கள் ஜப்பான் வழியாகச் சுற்றி மெய்ஜோவுக்கே போய்ச் சாமி எழுந்தருளச் செய்து கொண்டுவந்துவிட்டார்கள். கலாச்சாரப் புரட்சியின்போது தகர்க்கப்பட்ட மெய்ஜோ கோயில் அப்போதுதான் மீண்டும் எழுந்துகொண்டிருந்தது. மூலத்தையே நேரில் கண்டுவிட்ட பிறகு, பெய்காங்குக்குப் போய் 'தாய்வீட்டுக்கு வந்தோம்' என்று இனி ஏன் சொல்ல வேண்டும்? அதுவரை பெய்காங்குக்குப் போய்க்கொண்டிருந்த டாஜியா ஊர்வலம் மறு ஆண்டே அதை விட்டுச் சின்காங்குக்குப் போகத் தொடங்கியது. இன்றும் அங்கேதான் போகிறது.

கோயிலுக்குள் நுழைந்தால்

சன்னதியில் அவளை அடையாளம் காண்பது எளிது. பேரரசரின் மகுடம்போல் முன்னே மணிச்சரங்கள் தொங்கும் தலையணி, நிறைந்த முகம், கையில் அதிகாரப் பலகை. முகம் சில கோயில்களில் இளஞ்சிவப்பு, சில இடங்களில் பொன்னிறம், பழைய கோயில்களில் கறுப்பு. பல தலைமுறை ஊதுபத்திப் புகை படிந்த கறுப்பு என்பதால் கறுப்பு முக மாட்சுவுக்குத் தனி மரியாதை.

இருபுறமும் இரண்டு பூதங்கள். ஒருவர் புருவத்தின்மேல் கைவைத்துத் தூரத்தைப் பார்க்கிறார்: ஆயிரம் காதக் கண்ணர். மற்றவர் காதருகே கைவைத்திருக்கிறார்: காற்றைக் கேட்கும் காதர். இருவரும் ஊரைத் துன்புறுத்திய அரக்கர்களாம். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு, சண்டையில் தோற்று, ஏவலர்களாகிவிட்டார்கள். கப்பல் தத்தளிப்பதைப் பார்ப்பதும் கூப்பாட்டைக் கேட்பதும் இவர்கள் வேலை.

வாசற்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும். வலப்புறக் கதவால் நுழைந்து இடப்புறக் கதவால் வெளியேறுவது வழக்கம், நடுவாசல் தெய்வத்துக்கு. பொதுவாக முதல் ஊதுபத்தி வெளியே வானத்தை நோக்கி, பச்சைமணி வேந்தருக்கு. அதன்பிறகுதான் உள்ளே. பழம், பூ, இனிப்பு படைக்கலாம். பெரிய நாட்களில் பன்றி, கோழி, மீன் மூன்றும் படைப்பார்கள். பொன்தாள் ஒட்டிய காகிதத்தை உலையில் எரிப்பது தெய்வத்துக்குப் பணம் அனுப்பும் வழி.

சாமியோடு பேசுவதற்குப் பூசாரி தேவையில்லை. அதற்குத்தான் பிறைக்கட்டைகள்: பிறைபோல் வளைந்த, ஒருபுறம் தட்டையும் மறுபுறம் குவிந்தும் இருக்கும் இரண்டு கட்டைகள், பெரும்பாலும் சிவப்புச் சாயம் பூசியவை. மண்டியிட்டு, பெயரும் முகவரியும் சொல்லி, ஆம்-இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்டுவிட்டுக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று குவிவுமாக விழுந்தால் சம்மதம். இரண்டும் குவிவு மேலே இருந்தால் இல்லை. இரண்டும் தட்டை மேலே இருந்தால் சாமி சிரிக்கிறது: கேள்வி சரியில்லை, அல்லது பதில் உனக்கே தெரியும். பெரிய விஷயம் என்றால் அடுத்தடுத்து மூன்று சம்மதம் விழ வேண்டும். முகவரி சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது விலாசம் எழுதாமல் இருப்போமா?

குச்சி குலுக்கிக் குறி பார்ப்பதும் உண்டு. எண்ணிட்ட மூங்கில் குச்சிகளில் ஒன்று வெளியே வரும். அந்த எண்ணுக்குரிய பாட்டை எடுத்துப் பொருள் கேட்பார்கள். எடுத்த குச்சி சரிதானா என்று உறுதிசெய்துகொள்ளவும் பிறைக்கட்டைதான். பல ஊர்களில் அந்த ஆண்டுக்குத் திருவிழாப் பொறுப்பேற்கும் 'தூபக்கலத் தலைவர்' யார் என்பதும் இப்படியே முடிவாகிறது: யாருக்கு அதிகச் சம்மதம் தொடர்ந்து விழுகிறதோ அவர். பெரிய சடங்குகளுக்கு மட்டும் தாவோ குருமாரைக் கூலிக்கு அழைப்பார்கள். கோயிலை நடத்துவது ஊர்க்குழு.

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் இதையெல்லாம் நேரில் பார்க்கலாம். அங்குள்ள தியன் ஹொக் கெங், ஃபூஜியனிலிருந்து வந்த ஹொக்கியன் மக்கள் 1839 முதல் 1842 வரை கட்டிய மாட்சு கோயில். அன்று கடல் அந்தத் தெருவரை இருந்தது. சீனாவிலிருந்து வந்து இறங்கியவர் முதலில் செய்தது, உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொன்னது. பின்னர் கடலைத் தூர்த்துவிட்டதால் இன்று சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள். 1907இல் குவாங்ஷு பேரரசர் எழுத்தில் வந்த பலகை அங்கே உண்டு, தென்கடல் அலைகள் அமைதியுறட்டும் என்ற பொருளில். அதே தெருவில் சில அடி தள்ளி, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை, ஓட்டை விழுந்த கப்பலுக்கு எங்கிருந்தோ கண்ணாடியை எறிந்து ஓட்டையை அடைத்த கதை நமக்குத் தெரிந்ததுதான். கடலைத் தாண்டி வந்த இரண்டு கூட்டம், ஒரே கரையில் இறங்கி, தத்தம் கடல் காவலருக்கு அடுத்தடுத்து இடம் பிடித்திருக்கிறார்கள்.

மூன்றாம் மாதத்துப் பைத்தியம்

மாட்சு பிறந்தநாள் வரும் மாதத்தைத் தைவானில் 'மூன்றாம் மாதம், மாட்சு பைத்தியம்' என்பார்கள். நம் கணக்கில் ஏப்ரல், மே. டாஜியாவின் ஊர்வலம் ஒன்பது பகல் எட்டு இரவு, போக வர ஏறத்தாழ 340 கிலோமீட்டர். பட்டாசு, மேளம், வழியெங்கும் இலவசச் சாப்பாடு. பல்லக்கு வரும் வழியில் மக்கள் வரிசையாகக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள், பல்லக்கு அவர்கள்மேலாகக் கடந்து போகும். நோயும் கேடும் போகும் என்ற நம்பிக்கை. அதிபர் தேர்தலுக்கு நிற்பவர்கள் தோள்கொடுக்க வந்து நிற்பதும் வழக்கம். நாத்திகராகவே இருந்தாலும் வராமல் இருக்க முடியாது.

எனக்குப் பாய்ஷாதுன் ஊர்வலம்தான் கூடுதல் சுவாரசியம். மியாவ்லி மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர். இங்கிருந்து பெய்காங்குக்கு நடந்து போய்த் திரும்புவார்கள், சுமார் 400 கிலோமீட்டர். பாதை முன்கூட்டி வகுக்கப்படுவதில்லை. சந்திப்பு வந்தால் பல்லக்குத் தூக்குபவர்கள் நின்றுவிடுவார்கள். பல்லக்கு எந்தப் பக்கம் ஆடி இழுக்கிறதோ அந்தப் பக்கம் எல்லோரும் திரும்ப வேண்டும். நெடுஞ்சாலையில் ஓட்டமாக ஓடும், திடீரென்று யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிற்கும், பள்ளிக்கூடத்துக்குள் போகும், மருத்துவமனை முன் நின்று திரும்பும். இளஞ்சிவப்பு மழைத்துணி போர்த்திய பல்லக்குக்கு இளைஞர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'இளஞ்சிவப்புப் பந்தயக் கார்'. சமீப ஆண்டுகளில் பதிவு செய்து நடப்பவர்கள் மட்டுமே லட்சத்தைத் தாண்டுகிறார்கள்.

மழை வந்தால் அதற்கும் கதை உண்டு. முன்பு சொன்ன வைத்தியர் பாவோஷெங் தாதிக்கும் மாட்சுவுக்கும் கல்யாணம் பேசி முறிந்துபோனதாம். கோபத்தில் மாட்சுவின் பிறந்தநாளன்று அவர் மழையைப் பெய்ய வைத்து அவள் முகப்பூச்சைக் கலைப்பார். அவர் பிறந்தநாளன்று அவள் காற்றை எழுப்பி அவர் தொப்பியைப் பறக்கவிடுவாள். இரண்டு நாளுக்கும் இடைவெளி எட்டு நாள்தான்; வசந்தகாலத்துத் தைவானில் அந்த எட்டு நாளில் காற்றும் மழையும் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

மாட்சு வழிபாட்டையும் வழக்கங்களையும் யுனெஸ்கோ 2009இல் மனிதகுலத்தின் புலப்படாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. விண்ணப்பித்தது சீனா. கோயிலை இடித்த அரசே பட்டியலுக்கு மனுப்போட்டதும், பட்டம் கொடுக்கும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சி என்றே எனக்குப் படுகிறது. பேரரசர் இருந்த இடத்தில் பாரிஸ் அலுவலகம்.

தைவான் ஊர்வலத்தில் நடந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு நடைமுறைத் தகவல். புறப்படும் நாள் நாட்காட்டியில் அச்சாகியிருக்காது. டாஜியாவில் சீனப் புத்தாண்டின் முதல் பௌர்ணமியான விளக்குத் திருவிழா இரவில் பிறைக்கட்டை போட்டுத்தான் நாள் கேட்பார்கள். பாய்ஷாதுன்னில் அதற்கு ஒரு மாதம் முன்பு, பன்னிரண்டாம் மாதம் 15ஆம் நாள். பாய்ஷாதுன் ஊர்வலம் எத்தனை நாள் என்பதும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கட்டை விழும்வரை விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.